பழைய கணிப்பொறியும் அதன் பழுதறியும் முறையும்

காவிரி நீர் மேட்டூரினின்று புறப்பட்டுக் கல்லணையிற் பிரிந்து, ஆறும் வாய்க்காலும் மடையுமாகக் கிளைத்தோடி, இறுதியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிகளுள் காரைக்கால் நாடும் ஒன்றாகும். மேலே திறந்துவிட்ட நீர் தம் வயலுக்கு வாராதொழியின், அப்பகுதி உழவர் வயலிலே நின்று வானத்தை நோக்குவதில்லை. வரப்பேறிச் சென்று வாய்க்காலின் நடுவிலுள்ள மடை ஒன்றைக் காண்பர். அங்கே நீர் உளதேல் தடை அதற்குக் கீழே உள்ளது; இலதேல் மேலே உள்ளது. பின்னர் அப்பாதியையும் இரண்டாக்கிப் பார்ப்பர். தடை பதினாறு இடங்களுள் ஏதேனும் ஒன்றில் இருக்குமாயின், இங்ஙனம் நான்கு முறை பார்த்த அளவில் அவ்விடம் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வோனுக்கோ பதினைந்து நடைகளும் வேண்டியிருக்கலாம்.

பழுதுற்ற கணிப்பொறியின் குறையை அறியும் முறையும் இதுவே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் மடைகளை நாடிச் செல்லுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. அதனை மறந்தோர் பழுதைக் கண்டுபிடித்தும் பொருளை இழப்பர். அஃது இன்னதென்பது, நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியாற் புலப்படும்.

கீழவாஞ்சூர் என்பது காரைக்கால் மாவட்டத்தின் தென்னெல்லையில், நாகூரை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள ஊர். காரைக்கால் துறைமுகம் 2009-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருவதும் அவ்விடத்தேதான். அவ்வூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நமக்கு நெடுநாட் பழக்கமுடையவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கிய பின்னர், அவர் கரையோரச் சிற்றூர்கள்தோறும் சென்று, அன்று கண்டதை மக்கள் தம் வாயாற் கூறக் கேட்டு எழுதி வந்தார். அவற்றோடு, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு மீனவர் வழங்கும் பெயர்களையும், வலைக்கும் மரத்துக்கும் உரிய சொற்களையும் தொகுத்தார். இவையெல்லாம் 2011-இல் அவர் வாங்கிய கணிப்பொறி ஒன்றில் மட்டுமே இருந்தன. வேறிடத்துப் படி எதுவும் இல்லை. சொன்னவர்களுட் பலர் இன்று உயிரோடில்லை.

சென்ற கார்த்திகை மாதத்தில் அக்கணிப்பொறி எழ மறுத்தது. பழுது பார்ப்போர் ஒருவர் வந்து, பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது என்றும், புதியது வாங்குவதே நலமென்றும் கூறிச் சென்றார். "தம்பி, நீயும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல். அதற்குப் பிறகு போட்டுவிடுகிறேன்" என்று ஆசிரியர் நமக்குச் சொல்லியனுப்பினார். நாம் சென்றோம்.

முதலிற் கேட்டறிதல்

மருத்துவர் நோயாளியின் கையைப் பிடிக்குமுன் நோய் எப்போது தொடங்கிற்று என்று கேட்கின்றார். கணிப்பொறிக்கு வாயில்லை, ஆகவே அதனைப் பயன்படுத்துவோரைக் கேட்டல் வேண்டும். திருகாணியைத் தொடுமுன் நாம் கேட்ட வினாக்கள் நான்கு: பழுது எந்நேரத்தில் உண்டாகின்றது? முன்னர் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டதா? பொத்தானை அழுத்தியதும் விளக்கு, விசிறி, ஒலி, படம் ஆகிய நான்கனுள் எவை தோன்றுகின்றன? எத்துணை நாளாக இக்குறை சிறிது சிறிதாக வளர்ந்து வந்தது?

ஆசிரியர் கூறிய விடை வருமாறு. விடியற்காலையில் பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னும். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடும். பலமுறை முயன்ற பின் எழும். நண்பகலில் அழுத்தினாலோ பெரும்பாலும் முதல் முறையிலேயே எழும். எழுந்த பின்னும் சில வேளைகளில் இடையே உறைந்து நின்றுவிடும். இணையத்திற் பல பக்கங்கள் திறப்பதில்லை. "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வருகின்றது. சில கோப்புகளைத் திறக்க நெடுநேரம் ஆகின்றது. அப்போது பெட்டிக்குள்ளே 'டிக், டிக்' என்றோர் ஒலி கேட்கின்றது.

இவற்றையெல்லாம் ஒரே நோயின் குறிகள் என்று அவர் எண்ணியிருந்தார். பழுது பார்க்க வந்தவரும் அங்ஙனமே எண்ணினார். முதுமையுற்ற கணிப்பொறியில் பெரும்பாலும் ஒரு குறை தனித்திருப்பதில்லை. மின்சாரம், நினைவகம், வட்டு, கடிகாரம் என அதன் உறுப்புகள் யாவும் ஒரே காலத்தில் மூப்படைகின்றன. ஆதலின் ஒவ்வொரு குறியையும் தனியே எழுதிவைத்துக்கொண்டு, தனித்தனியே காரணம் தேடுதல் முறையாகும்.

கடலுப்பின் செய்கை

காலையில் எழாதது நண்பகலில் எழுந்ததென்பது, கடற்கரையூரில் வாழ்வோர் கருத்திற் கொள்ளத்தக்க சிறந்த அடையாளம். அடுக்களையிலுள்ள உப்பு ஜாடி மாரிக்காலத்தில் நீர்விட்டுக் கசிவதை நம் தாய்மார் அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 75 என்னும் அளவைக் கடந்தவுடன், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே ஈர்த்துக் கரையத் தொடங்குகின்றது. கடற்காற்றோடு வந்து கணிப்பொறியின் பலகைகள்மேற் படியும் நுண்ணிய உப்புத் தூசியும் அவ்வாறே செய்கின்றது. ஈரப்பதம் மிகுவது விடியலுக்கு முன்னர். அப்போது அத்தூசி மெல்லிய உப்புநீர்ப் படலமாகி, மின்சாரம் செல்லலாகாத இடத்திற் சிறிது செல்லவிடுகின்றது. வெயில் ஏறியபின் அது மீண்டும் உலர்கின்றது. நாளடைவிற் செம்புக் கம்பிகள் பச்சைபூத்தும், இரும்புத் திருகாணிகள் துருவேறியும், இணைப்புகள் தளர்ந்தும் போகின்றன.

ஆயினும் இக்குறிக்கு வேறொரு காரணமும் உண்டு. கணிப்பொறிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டியிலும் மதர்போர்டிலும், கெபாசிட்டர் எனப்படும் சிறு குப்பிகள் பல உள்ளன. அவற்றினுள்ளே நீர்மம் ஒன்றுண்டு. அது காலப்போக்கில் உலர்ந்து குறைகின்றது. உலர்ந்த கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது தன் வேலையைச் செய்யாமல், வெப்பமேறிய பின் ஓரளவு செய்யும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் விதி. கோடை கடுமையான நம் நாட்டில் காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் கணிப்பொறியை அடைத்து வைப்போர், அதன் ஆயுளைப் பாதியாக்குகின்றனர் எனலாம். 1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் வெளிவந்த கெபாசிட்டர்களுட் பல, உள்ளிருக்கும் நீர்மத்தின் குறையால் உரிய காலத்திற்கு முன்பே உப்பிக் கசிந்தன. அக்காலத்துப் பலகை உடையோர், குப்பிகளின் தலை தட்டையாக உள்ளதா, உப்பியுள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

இதற்கு எதிரான குறியும் உண்டு. காலையில் நன்றாக எழுந்து, சிறிது நேரம் ஓடியபின் தானே அணைந்துவிடும் கணிப்பொறி, பெரும்பாலும் வெப்பத்தால் துன்புறுகின்றது. செயலியின்மேல் உள்ள உலோகத் தகட்டில் தூசி அடைத்திருக்கும். அல்லது செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை காய்ந்திருக்கும். செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அணைந்துபோகின்றது. ஆகவே பழுது எந்நேரத்தில் வருகின்றதென்னும் வினா ஒன்றே ஐயத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றது.

விலைக்கு வாராததை முதலிற் காத்தல்

இனி, மடைகளை நாடுமுன் செய்யவேண்டியதென்று மேலே கூறியதைச் சொல்லுவோம். மதர்போர்டு கெட்டால் வேறு வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ். கெட்டாலும் வாங்கலாம். ஹார்டு டிஸ்க் என்னும் வட்டும் கடையிற் கிடைக்கும். அதனுள் எழுதப்பட்டிருப்பது எக்கடையிலும் கிடையாது. ஆசிரியர் கூறிய 'டிக், டிக்' ஒலி நம்மைத் திடுக்கிடச் செய்தது. நிமிடத்துக்கு 7200 முறை வரை சுழலும் தட்டுகளின்மேல், தலைமயிரின் பருமனினும் பன்மடங்கு குறுகிய இடைவெளியில், படிக்கும் ஊசி போன்ற உறுப்பு மிதந்து செல்கின்றது. தட்டின் ஒரு பகுதி கெட்டு, அதனைப் படிக்க இயலாமல் அவ்வுறுப்பு மீண்டும் மீண்டும் முயலும்போது இத்தகைய ஒலி எழுவதுண்டு. மின்சாரம் நிலையாக வாராத கணிப்பொறியைப் பத்துமுறை எழுப்பி அணைத்தால், அவ்வட்டும் பத்துமுறை எழுந்து விழுகின்றது. பழுது நாடுவோர் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அதன் வாழ்நாளைக் குறைக்கின்றது.

ஆதலின் வேறொன்றையும் தொடாமல், மின்கம்பியைச் சுவரினின்று பிடுங்கிவிட்டு, வட்டைக் கழற்றி வெளியே எடுத்தோம். யு.எஸ்.பி. இணைப்புக் கருவியொன்றால் நம் மடிக்கணினியிற் பொருத்தினோம். அவ்வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏடொன்றை உடையது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் மூன்று வரிகளைக் காணுதல் போதும். 5 என்னும் எண்ணுள்ள வரி, கெட்டுப்போனமையால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளைக் கூறும். 197 என்பது, படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகளைக் கூறும். 199 என்பது பெரும்பாலும் வட்டின் குறையன்று. இணைப்புக் கம்பியின் குறை. நாம் கண்டபோது முதலிரண்டு வரிகளிலும் எண்கள் ஏறியிருந்தன.

இந்நிலையில் வட்டைச் 'சரிசெய்யும்' கட்டளைகளை ஏவுதல் பெரும்பிழை. அவை கெட்ட பகுதிகளையே திரும்பத் திரும்பத் துருவி வட்டைக் களைப்படையச் செய்யும், எழுதவும் முற்படும். டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் வேறு வழியிற் செல்வது. நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் விரைந்து படியெடுத்துக்கொண்டு, இடர்ப்பட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் அவற்றுக்குத் திரும்புகின்றது. தீப்பற்றிய வீட்டிற் கைக்கெட்டிய குழந்தைகளை முதலில் வெளியே கொணர்ந்துவிட்டுப் பின்னர்ப் பூட்டிய அறைக்குச் செல்வதை ஒக்கும் அது. முதல் நாள் இரவு முழுதும் அஃது ஓடிற்று. விடிந்தபோது, ஆசிரியரின் கோப்புகளுள் மூன்றொழிய யாவும் வந்துவிட்டன. மறுநாள் முயற்சியில் இரண்டு கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை.

மின்வழியைத் தொடர்தல்

வட்டு பாதுகாப்பான இடத்திற்குச் சென்றபின் அச்சமின்றி மடைகளைக் காணலாம். சுவரிலுள்ள பிளக், அதிற் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி, கம்பி, எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, செயலி, ராம் எனப்படும் நினைவகப் பட்டை, திரை என்பன வரிசையாக உள்ள மடைகள்.

முதல் இரண்டையும் சோதிக்க மேசை விளக்கொன்று போதும். அதே பெட்டியில், அதே துளையில் விளக்கைச் செருகி ஆட்டிப் பார்த்தோம், ஒளி நடுங்கவில்லை. எளிய காரியமென்று இதனைக் கடந்து செல்வோர் பலர். தளர்ந்த பிளக் ஒன்றன் பொருட்டு மதர்போர்டு மாற்றியோரும் உளர்.

அடுத்த மடை எஸ்.எம்.பி.எஸ். இதனைப் பற்றி மாணவ அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்பெட்டியின் மூடியை எக்காரணத்தாலும் திறத்தல் கூடாது. சுவரிலிருந்து பிடுங்கிய பின்னரும் அதனுள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அஃது உயிரைக் கவரவல்லது. வெளியே வரும் கம்பிகளை அளப்பதே நமக்குரிய வேலை. மஞ்சட் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு நிலம். இவை நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது; அதாவது மஞ்சட் கம்பியில் 11.40-க்கும் 12.60-க்கும் இடையே இருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் இவ்வளவுகள் நிலைபெற்ற பின்னரே, 'மின்சாரம் நன்று' என்னும் குறியை எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு அனுப்புகின்றது. அக்குறி வாராவிடின் செயலி விழிப்பதில்லை. விசிறி ஒரு கணம் சுழன்று நிற்பது பலவேளைகளில் இதனாலேயே.

ஆனால் அளவுகோலும் ஒருவகையிற் பொய் கூறும். சுமையின்றி அளக்கும்போது சரியாகக் காட்டும் பெட்டி, சுமை ஏறும் கணத்தில் தளர்ந்துவிடலாம். ஆகவே ஐயமறத் தெளிதற்கு வழி, நன்றென்று அறிந்த வேறொரு பெட்டியை இரவல் பெற்று மாற்றிப் பார்ப்பதே. ஈரத்தின் குற்றமா, எஸ்.எம்.பி.எஸ்.-இன் குற்றமா என்னும் ஐயத்தை இம்மாற்றமே தீர்க்கும். ஈரம் காரணமாயின் பெட்டி மாறியபின்னும் காலைப்பழுது தொடரும். மாற்றும்போது அதனை மட்டுமே மாற்றினோம், தூசியைக்கூடத் துடைக்கவில்லை. ஒரே வேளையில் இரண்டைத் திருத்தினால், குணம் எதனால் வந்ததென்று அறிய வழியில்லை. இரவற் பெட்டியோடு மூன்று நாட்கள் விடியற்காலையில் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். மூன்று நாளும் விசிறி நிற்காமல் சுழன்றது. முதற்குறையின் காரணம் வெளிப்பட்டது.

அழுகுரல் காட்டிய உயிர்

விசிறி சுழன்றது, ஆயினும் திரையிற் படமில்லை. மதர்போர்டு இறந்துவிட்டதென்னும் தீர்ப்பு மீண்டும் நம்முன் வந்து நின்றது. இதனைச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. மதர்போர்டில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைச் செருகும் முள்வரிசை உண்டு. சில ரூபாயிற் கிடைக்கும் அவ்வொலிபெருக்கியை அங்கே செருகினோம். பின்னர் நினைவகப் பட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினோம். நீண்ட ஒலிகள் விட்டுவிட்டு எழுந்தன.

இவ்வொலியைக் கேட்டு ஆசிரியர் கவலையுற்றார், நாம் மகிழ்ந்தோம். என்னை? நினைவகம் இல்லையென்று முறையிடுதற்கு, செயலி விழித்திருத்தல் வேண்டும். பயாஸ் என்னும் முதற்கட்டளைகள் அடங்கிய சில்லு நலமாயிருத்தல் வேண்டும். மதர்போர்டு அவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும். இறந்த பலகை அழாது. போய்விட்டது என்று தீர்ப்பளிக்கப்பட்ட மதர்போர்டு உயிரோடிருந்தது.

இவ்வொலிகள் தமிழ் மாணவர்க்குப் புதியனவல்ல. நெடிலும் குறிலும் விரவிய சீர்களே அவை. செய்தவர்க்கு ஏற்ப இவற்றின் பொருள் வேறுபடும். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரு குறில்களும் காட்சிப் பகுதியின் குறையைக் குறிக்கும். ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டுக் குறில்கள் காட்சிக்குரிய நினைவகத்தின் குறை. தம் மதர்போர்டு எவ்வகையதென்று அறிந்து, அதற்குரிய பட்டியலோடு ஒப்பிடுதல் வேண்டும்.

கழற்றிய நினைவகப் பட்டைகளின் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பார்த்தபோது, மங்கிய படலம் ஒன்று தெரிந்தது. கடலுப்பு இங்கே தன் வேலையைக் காட்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மெல்லிய ரப்பரால் அவ்விளிம்பை நீளவாட்டில் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டோம். இதனைச் செய்யுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொள்ளுதல் நன்று. நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கவல்லது. பின்னர் ஒரு பட்டையை மட்டும் செருகினோம், படம் வந்தது. அதனை நீக்கி மற்றதைச் செருகினோம், அப்போதும் வந்தது. எனினும் படம் வந்தமையால் நினைவகம் நலமென்று கொள்ளலாகாது. மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையைப் பென் டிரைவிலிருந்து இரவு முழுதும் ஓடவிட்டோம். ஒரு பிழையும் காணவில்லை. இடையிடையே உறைந்து நின்றதன் காரணமும் இதனால் நீங்கிற்று.

கடிகாரத்தின் குற்றம்

இணையப் பக்கங்கள் திறவாமை எஞ்சியிருந்தது. திரையின் மூலையிலுள்ள நாளைப் பார்த்தோம். அது பல ஆண்டுகள் பின்னோக்கியிருந்தது. மதர்போர்டில் நாணயம் போன்ற ஸி.ஆர்.2032 என்னும் பாட்டரி ஒன்றுண்டு. கணிப்பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. 3 வோல்ட் இருக்கவேண்டிய அது 2.4 ஆகத் தளர்ந்திருந்தது. இணையத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் நாள் தவறாக இருப்பின், அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று அது கருதி மறுத்துவிடும். சில ரூபாய் விலையுள்ள பாட்டரியின் குற்றத்தை, ஆசிரியர் பல மாதங்களாக இணையம் வழங்குவோர்மேல் ஏற்றிவந்தார்.

நிற்க. உறுப்பின் குறையா, மென்பொருளின் குறையா என்று பிரித்தறிவதற்கும் ஒரு வழி கூறுவோம். லினக்ஸ் வகை இயங்குதளங்களுட் பல, வட்டின் உதவியின்றிப் பென் டிரைவிலிருந்தே முழுதும் இயங்கவல்லன. அங்ஙனம் இயக்கியபோது குறை நீங்கின், குற்றம் வட்டிலோ அதிலுள்ள மென்பொருளிலோ இருத்தல் வேண்டும். நீங்காவிடின் ஏனைய உறுப்புகளைத் தேடுக. இதுவும் வாய்க்காலின் நடுமடை போன்றதே.

பெட்டியைத் திறந்தபோது பல்லி முட்டையின் ஓடுகளும் எறும்புப் புற்றின் மண்ணும் கிடைத்தன என்பதையும் சொல்லுதல் வேண்டும். அமெரிக்காவிலே ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறி, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பழுதுற்றபோது, அதன் ரிலே ஒன்றினுள் விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டிருந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைக் கண்டெடுத்தோர் பாராட்டத்தக்கதோர் ஒழுக்கத்தைக் கைக்கொண்டனர். கண்டதைக் கண்டவாறே, நாளும் நேரமும் இட்டு எழுதிவைத்தனர். பழுது நாடுவோர்க்கு மல்டிமீட்டரினும் குறிப்பேடே முந்திய கருவி.

எப்போது கைவிடுவது?

பழையதை எக்காலத்தும் காத்தே தீரவேண்டும் என்பது நம் கருத்தன்று. மதர்போர்டின் உட்கம்பிகள் பச்சைபூத்து அறுந்திருப்பின், பலமுறை திருத்தியும் புதிய குறைகள் தோன்றிக்கொண்டே வருமாயின், திருத்தும் செலவு வேறொரு பழைய கணிப்பொறியின் விலையை எட்டுமாயின், கைவிடுதலே தகும். பழுதில்லாமலே பயன் குன்றுவதும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11 வேண்டும் சில உறுப்புகள் பழைய கணிப்பொறிகளில் இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் வகைகளை ஏற்றிப் பயன்கொள்ளலாம். சென்னையிலும் செயற்படும் ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று. கைவிடுவதாயின், கம்பியை எரித்துச் செம்பெடுப்போர் கையில் கொடாமல், மின்கழிவு பெறும் உரிமையுடையோரிடம் கொடுத்தல் வேண்டும்.

ஆசிரியரின் கணிப்பொறிக்கு அந்நிலை வரவில்லை. புதிய எஸ்.எம்.பி.எஸ்., பாட்டரி, வட்டுக்கு மாற்றாக ஒரு எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றும் வாங்கினோம். புதிய கணிப்பொறியின் விலையோடு ஒப்பிடின் அச்செலவு சிறியதே. உள்ளே படிந்த தூசியையும் உப்பையும் தூரிகையால் நீக்கினோம். சன்னலோரத்தினின்றும் அதனை அகற்றி, உள்ளறையில் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தோம். நாள்தோறும் சிறிது நேரமேனும் இயக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டோம். இயங்கும் வெப்பம் ஈரத்தை ஓட்டும். அவர் எழுதியவற்றுக்கு இப்போது மூன்று படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று வேறூரில் உள்ளது.

கிடைக்காத அந்த ஒரு கோப்பைப் பற்றிச் சொல்லி முடிப்போம். அதனைச் சொன்ன மூதாட்டியார் நற்பேறாக இன்னும் இருக்கின்றார். ஆசிரியர் மீண்டும் அவரிடம் சென்று கேட்டெழுதி வந்தார். "கிடைத்துவிட்டதா ஐயா?" என்று வினவினோம். "கிடைத்தது தம்பி. ஆனால் அன்றைக்குச் சொன்னது இதுவல்ல. அப்போது பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். இப்போது ஒரு பெயரை மறந்துவிட்டார்" என்றார்.

அந்தப் பெயர் வட்டின் கெட்ட பகுதியில் எங்கேயோ இருக்கின்றது. பழுது தோன்றிய முதல் நாளிலேயே வட்டைக் கழற்றியிருந்தால், அதுவும் கிடைத்திருக்கலாம். தம் இல்லத்தில் பழைய கணிப்பொறி உடைய அன்பர்கள், அது நலமாக எழும் இன்றே அதிலுள்ளவற்றைப் படியெடுத்து வைப்பார்களாக. எழாத நாளில் கணிப்பொறியை மீண்டும் மீண்டும் எழுப்ப முயலாமல், முதலில் வட்டைக் காத்து, அதன்பின் மடை மடையாகச் சென்று தடையை நாடுவார்களாக.